இராஜராஜப் பெரும்பள்ளி: சோழர் ஆட்சியில் ஒரு பௌத்த மடம்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில் வாகரை, கதிரவெளி எனத் தொடர்ந்து வெருகல் ஆற்றைக் கடந்து மூதூர் வரை நீளும் கரையோரம், பாலங்கள் அமைவதற்கு முன்னர் ‘பாதை’ எனப்படும் மிதவைகளில் ஆறுகளைத் தாண்டியே திருகோணமலையை அடைய வேண்டியிருந்த வழியாகும். அந்த வழியின் மறுமுனையில், கன்னியா வெந்நீரூற்றுகளுக்கு அப்பால், பெரியகுளத்தை அண்டிய காட்டுப்புறத்தில் வெல்கம் விகாரையின் இடிபாடுகள் உள்ளன. தமிழர் இவ்விடத்தை நாதனார் கோவில் என்று வழங்கிவந்தனர். ஐரோப்பாவின் நாட்டுப்புறங்களில் அரைவட்ட வளைவுகளும் தடித்த கற்சுவர்களும் கொண்ட ரோமனெஸ்க் பாணி மடாலயங்கள் எழுந்துகொண்டிருந்த அதே பதினோராம் நூற்றாண்டில், இம்மடம் தமிழில் எழுதப்பட்ட கொடைகளால் வாழ்ந்தது என்பதே இதன் வரலாற்றுச் சிறப்பு.

993ஆம் ஆண்டளவில் சோழ மன்னன் முதலாம் இராஜராஜனின் படை இலங்கையின் வடபகுதியைக் கைப்பற்றியது. 1017இல் முதலாம் இராஜேந்திரனின் படை இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தது. பொலன்னறுவை ஜனநாதமங்கலம் என்ற பெயரில் சோழரின் நிர்வாகத் தலைநகராயிற்று. மகிந்தனைச் சிறைப்பிடித்த படையெடுப்பில் விகாரைகள் உடைக்கப்பட்டுப் பொருள்கள் கவரப்பட்டதாகப் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் கடுமையாகக் குற்றஞ்சாட்டுகிறது. அக்குற்றச்சாட்டைப் பொய்யென்று தள்ளுவதற்கில்லை. ஆயினும் வெல்கம் விகாரையில் கிடைத்த பத்துக்கு மேற்பட்ட தமிழ்க் கல்வெட்டுகள் வேறொரு நடைமுறையையும் காட்டுகின்றன. பழைய பெயர் நீக்கப்படாமலே மடத்துக்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயர் சேர்க்கப்பட்டது. பள்ளி என்பது பௌத்த, சமணத் துறவியர் உறைவிடத்தைக் குறித்த சொல்லாதலால், அரசனின் பெயர் ஏறியபோதும் மடத்தின் சமயம் மாறவில்லை.

அக்கல்வெட்டுகளில் பதிவானவை பெரும்பாலும் பசுக்களும் காசுகளும் நந்தா விளக்குகளும் பற்றிய கொடைகளாகும். நந்தா விளக்கு என்பது இரவும் பகலும் அணையாது எரிய வேண்டிய விளக்கு. அதற்குரிய நெய்க்காகக் கால்நடைகளை விடுவது சோழர் காலத்துப் பொதுவழக்கம். தஞ்சைப் பெரிய கோவிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது அவற்றுக்கு ஈடாக 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் ஒதுக்கப்பட்டன. அவற்றைப் பொறுப்பேற்ற இடையர் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டிருந்தனர். மந்தை குறையாது பெருகும் என்ற கணக்கில், கொடுத்தவர் இறந்த பின்னரும் நெய் வந்துகொண்டிருக்கும். பட்டி கட்டி மாடு வளர்ப்பதும் மேய்ச்சல்தரை தேடி மந்தையை ஓட்டுவதும் இன்றளவும் வாழ்வாதாரமாக உள்ள வாகரைப் பகுதியினருக்கு இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை. சிவன் கோவிலுக்கு உரிய அதே கொடைமுறை புத்தர் பள்ளிக்கும் மாற்றமின்றிப் பொருந்தியது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. கட்டடத்திலும் இவ்வுறவு தெரிகிறது: புத்தரின் நின்ற திருவுருவம் அமைந்த படிமமனையின் அதிட்டானத்தில், அதாவது கட்டடத்தைத் தாங்கும் அடித்தளத்தில், வரிவரியாகச் செதுக்கப்பட்ட விளிம்புகள் திராவிடக் கலைமரபின் சாயலைக் கொண்டுள்ளன.

இதற்கு இணையான சான்று நாகப்பட்டினத்தில் உண்டு. அங்கே கடல்கடந்த ஸ்ரீவிஜய நாட்டின் அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரைக்கு இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரை அளித்ததை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. ஆனால் நாகப்பட்டினக் கொடை கடல்கடந்த வணிகத்தையும் அரசுறவையும் நோக்கமாகக் கொண்ட அரச கொடை. பெரியகுளத்துக் கொடைகளோ தனியார் சிறிது சிறிதாக விட்டவை. சோழராட்சியில் இந்த உள்நாட்டு மடம் நிலைத்ததற்கு மன்னனின் பெயரைக் காட்டிலும் இத்தகைய சிறு கொடைகளே மிகுதியும் துணைநின்றிருக்க வேண்டும்.

தமிழ்ப் பௌத்தர் இப்பகுதியில் இருந்ததையே மறுப்பவர்களுக்கும், இவ்விடத்தைச் சோழர் புதிதாகக் கட்டியதாகக் கொள்பவர்களுக்கும் இக்கல்வெட்டுகள் ஒருசேர இடையூறானவை. மடம் சோழருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. அவர்களுக்குப் பின்னும் தொடர்ந்தது. 1070இல் சோழரை வெளியேற்றிய முதலாம் விஜயபாகு புதுக்குவித்த விகாரைகளின் வரிசையில் சூளவம்சம் இதனையும் சேர்க்கிறது. பின்னர் மறக்கப்பட்டுக் காடு மூடியதே ஒருவகையில் இதற்குக் காப்பாயிற்று. பிரான்சின் குளுனி மடத்தில் 1088இல் தொடங்கப்பட்ட பெருந்தேவாலயம் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் உடைக்கப்பட்டுக் கற்கள் விலைபோயின; நாகப்பட்டினத்தில் எஞ்சியிருந்த பௌத்த விகாரையின் செங்கற் கோபுரத்தை 1867இல் இயேசு சபையார் அரசின் இசைவுடன் இடித்தனர். பெரியகுளத்திலோ, 1950களில் தொல்லியல் திணைக்களம் அகழ்ந்தபோது, எழுத்துப் பொறித்த கற்கள் மண்ணுள் எஞ்சியிருந்தன.