துப்பாக்கி ஏந்தியோரிடைத் தோழமை: நடுகல் முதல் வேலூர்க் கோட்டை வரை

முன்னுரை

செஞ்சியினின்று திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் கீழ்பென்னாத்தூர். பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வழியின் இரு முனைகளும் போர்க்களங்களாயின. 1750இல் புசியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப்படை செஞ்சிக்கோட்டையை ஓரிரவில் பற்றியது. 1761இல் அக்கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. 1767 செப்டம்பரில் ஐதர் அலியும் நிசாமும் ஒருபுறமும் கர்னல் ஸ்மித் மறுபுறமுமாக நின்று, முதலில் செங்கத்திலும் பின்னர்த் திருவண்ணாமலையிலும் பொருதனர். இப்போர்களைக் கூறும் நூல்கள் தளபதியரின் பெயர்களை நிரல்படத் தருகின்றன. ஆயின், துப்பாக்கி ஏந்தி நின்ற எளிய வீரரை ஒருவரோடொருவர் பிணித்தது யாது? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடுகல் காட்டும் உறவு

இந்நிலப்பகுதியில் படைக்கலம் ஏந்தியோரின் கூட்டுறவு துப்பாக்கிக்கு மிகப் பழமையானது. தொல்காப்பியர் வெட்சித்துறைகளுள் பாதீட்டையும் உண்டாட்டையும் வைத்தார். கவர்ந்த ஆநிரையைப் பகுத்துக் கொள்வதும் கூடியுண்டு களிப்பதும் போர்த்தொழிலின் உறுப்புகளாகவே எண்ணப்பட்டன என்பது இதனாற் பெறப்படும். வீழ்ந்தவனுக்குக் கல் எடுப்பதனைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளாக அவர் வகுத்தார். உடன் பொருதோரும் ஊராரும் இறந்தவனுக்கு ஆற்றும் கடன் அது.

1972இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுதி இதற்குக் கல்லிற் பொறித்த சான்றாகும். அக்கற்களில் ஆளும் அரசன், அவன்கீழ்த் தலைவன், தலைவனைச் சார்ந்த வீரன் என மூவர் பெயரும் வரிசையாக வருதல் பெருவழக்கு. முதலாம் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல், எருமை நிரையைக் காத்து மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்துக் காத்துநின்ற அவன் நாயையும் ‘கோவிவன்’ எனப் பெயர் சுட்டி நினைவுகூர்கிறது. உறவு, ஊர், தலைவன், நிரை ஆகியவையே இவ்வீரரைப் பிணித்தன. அப்பிணிப்பில் நாய்க்கும் பெயருண்டு என்பது கருதத்தக்கது.

துப்பாக்கி செய்த மாற்றம்

துப்பாக்கி இப்பிணிப்பை மாற்றியது. சக்கிமுக்கிக்கல் பொருத்திய துப்பாக்கியை ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்திட்டு, குண்டு செலுத்தி, கோலால் இடித்து நிரப்புதல் வேண்டும். அதுவரை அவ்வீரன் காப்பற்றவன். அருகில் நிற்பவன் சுடும் குண்டே அவனுக்குக் கேடயம். ஆகவே தனியொருவனின் மறத்தினும் வரிசை குலையாமையே பெரிதாயிற்று. ஆங்கிலக் கும்பெனி சென்னையில் 1758 முதல் சிப்பாய்களைப் பட்டாளங்களாக அமைத்தது. தமிழரும் தெலுங்கரும், இந்துக்களும் முசுலிம்களும் ஒரே பட்டாளத்தில் நின்றனர். உறவினரல்லாதார் ஒரே பயிற்சியாலும் ஒரே உடையாலும் ஒரே சம்பளத்தாலும் தோழராயினர். கும்பெனி தன் வெற்றிக்கென வளர்த்த இத்தோழமை ஒருநாள் தனக்கே எதிராகத் திரும்பும் என்று எண்ணவில்லை.

வேலூர், 1806

புதிய தலைப்பாகையை அணிதல் வேண்டும், நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடா, தாடி நீக்குக என்னும் விதிகள் வந்தன. 1806 மே மாதம் வேலூரிலிருந்த சிப்பாய்கள் தலைப்பாகையை மறுத்தனர். ஓர் இந்துவும் ஒரு முசுலிமும் கசையடிக்குப்பின் படையினின்று நீக்கப்பட்டனர். மன்னிப்பு வேண்டிய பத்தொன்பதின்மர் விடப்பட்டனர். இருவேறு சமயத்தார் ஒருங்கே பெற்ற இத்தண்டனை, பிரிந்து நின்றோரையும் ஒன்றாக்கியது எனலாம்.

ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்னும் சிப்பாய் சதி உண்டென்று மேலதிகாரியிடம் உரைத்தான். அதனை ஆராயப் பணிக்கப்பட்ட இந்திய அலுவலர் குழு அவன் சொல் மெய்யன்று என்று அறிவித்தது. தோழமையின் வலிமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் கிளர்ச்சி வெடித்தது. வெள்ளையர் ஏறத்தாழ நூற்றுமுப்பதின்மர் மாண்டனர். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது.

ஆயினும் அத்தோழமைக்கு எல்லையும் இருந்தது. சிப்பாய்களுட் பலர் காவலை உறுதி செய்யாது சூறையாடலிற் சிதறினர். ஆர்க்காட்டினின்று கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து அன்றே கோட்டையை மீட்டார். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். விசாரணைக்குப்பின் சிலர் பீரங்கி வாயில் வைத்துச் சிதறடிக்கப்பட்டனர். கிளர்ந்த மூன்று பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. வரிசை பயிற்றிய தோழமை மேலதிகாரியை எதிர்க்கப் போதியதாயிற்று. வென்ற பின்னர் வரிசையைக் காக்கப் போதவில்லை. ஆணையிட்ட ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் 1807இல் திருப்பியழைக்கப்பட்டனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓருண்மை விளங்கும். நடுகல் வீரனின் தோழமை அவன் பிறந்த ஊரிலிருந்து தோன்றியது. சிப்பாயின் தோழமை அவன் நின்ற வரிசையிலிருந்து தோன்றியது. முன்னையது பெயரைக் காத்தது. பின்னையது சாதி சமய எல்லைகளைக் கடந்தது. ஆனால் பெயரை இழந்தது. பட்டாளம் கலைந்தபின் வீழ்ந்தவனுக்குக் கல் எடுக்கத் தோழன் எஞ்சவில்லை.

வேலூரில் இன்று கிளர்ச்சியாளர்க்கு நினைவுத்தூண் உண்டு. 2006இல் இருநூறாம் ஆண்டையொட்டி அஞ்சல்தலையும் வெளிவந்தது. ஆயினும் அவை ஒரு கூட்டத்திற்கான நினைவுகள். வட ஆர்க்காட்டு மாவட்டத்தினின்று 1989இல் பிரிந்த திருவண்ணாமலை மாவட்டத்துக் கல்லொன்று ஒரு நாயின் பெயரையும் காத்து நிற்க, வேலூரில் மாண்ட சிப்பாய்களுட் பலர் பெயரின்றியே மறைந்தனர். அப்பெயர்களைப் படை ஆவணங்களினின்று தேடியெடுத்தல், நடுகல் எடுத்த மரபில் வந்த ஆய்வாளர்க்கு உரிய கடனாகும்.