ஆடையும் ஆணையும்

மே மாதம், விடைத்தாள் திருத்தும் முகாம். மின்விசிறி சுற்றுகிறது, காற்றில்லை. அந்த நேரத்தில் ஒரு பெண்ணின் உடலில் எத்தனை அடுக்குத் துணி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளாடை, ரவிக்கை, பாவாடை, இடுப்பில் கொசுவம், தோளில் மடிப்பு வைத்துக் குத்திய முந்தானை. சில தனியார் கல்லூரிகளில் இதற்கும் மேல் ஒரு கோட்டு. பக்கத்து மேசை ஆசிரியர் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டுக் கொள்கிறார். நமக்கு அதுவும் முடியாது.

கேட்டால் பண்பாடு என்கிறார்கள். என் பாட்டி ரவிக்கை போட்டதேயில்லை. பின்கொசுவம் வைத்துக் கட்டிய கண்டாங்கிக்குள் பாவாடையும் கிடையாது. நாற்று நட அதுவே தோதாக இருந்தது. இன்று நாம் வேலைக்குக் கட்டிப்போகும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவத் தொடங்கியது. 1860களில் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவி, பம்பாயில் பார்சிப் பெண்களைப் பார்த்து, ரவிக்கை பாவாடையோடு சேலை கட்டக் கற்று வங்காளத்துக்குக் கொண்டுபோனார். வீட்டைவிட்டு வெளியே வர அவருக்கு அப்படியொரு உடை தேவைப்பட்டது. எது நாகரிகம் என்ற ஆங்கிலேயரின் கணக்கும் அந்த அடுக்குகளில் சேர்ந்திருந்தது.

அதற்காகப் பாட்டியின் வெற்றுத் தோளை ஏக்கத்தோடு பார்த்துவிடவும் முடியாது. தெற்குத் திருவிதாங்கூரில் தோளை மறைத்ததற்காகவே நாடார் பெண்கள் தாக்கப்பட்டார்கள். அவர்களுடைய துணி கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் நீண்ட தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, 1859 ஜூலை 26 அன்று மன்னரின் அறிவிப்பு வந்தது. மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்றது அது. விட்டுக்கொடுத்தபோதும் எப்படி உடுத்த வேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தை அரசு விட்டுக்கொடுக்கவில்லை. போடாதே என்பதும் போட்டே ஆக வேண்டும் என்பதும் எதிரெதிராகத் தோன்றலாம். இரண்டிலும் அவளை யாரும் கேட்கவில்லை.

2019இல் தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு உடை விதி வகுத்தது. பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார். ஆண்களுக்குச் சட்டையும் முழுக்கால்சட்டையும், அல்லது வேட்டி. சென்னையின் ஏரிகள் வற்றிக் கிடந்த கோடை அது. கஞ்சி போட்ட பருத்திச் சேலையைத் துவைத்து அலச எத்தனை குடம் தண்ணீர் வேண்டும் என்பது குழாயடியில் நின்றவளுக்குத் தெரியும்.

உடலின் கணக்கு எளிது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது சுலபத்தில் ஆவியாகாது. மேலே நாலு அடுக்குத் துணி இருந்தால் இன்னும் கடினம். பாவாடை நாடா இறுகும் இடத்தில் வியர்வையும் உராய்வும் சேர்ந்து புண்ணாகிறது. ஆண்டுக்கணக்கில் ஆறாத அந்தப் புண் அரிதாகப் புற்றாக மாறியதையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் அதை 'நாடாத் தழும்பு' என்று சொல்லிப் பவுடர் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகிறோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுடிதார் அணியலாமா என்று ஒரு கல்லூரியில் கேட்டேன். "மாணவிக்கும் உங்களுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா, அம்மா?" என்றார்கள். அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்க அன்று எனக்குத் துணிவில்லை. 2021இல் கேரள உயர்கல்வித் துறை, ஆசிரியைகளைச் சேலை கட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. ஓர் ஆசிரியை வாய்திறந்து புகார் சொன்னதில் தொடங்கியது அது.

எனக்குச் சேலை பிடிக்கும். மார்கழியில் ஆசையாகவே கட்டுகிறேன். சித்திரையில் எதை உடுத்துவது என்பதையும் நானே முடிவு செய்ய வேண்டும். நாளை வேலைக்குப் போகும் மாணவிகளே, வாய்வார்த்தையாக உடை விதி சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.