வன்னியின் பனையோலை இழைப்பு

வன்னிப் பெருநிலப்பரப்பில் பனையோலையால் பாய், பெட்டி, கடகம், சுளகு முதலியவற்றை இழைக்கும் கைத்தொழில். பூநகரி, முல்லைத்தீவுக் கரையோரம் எனப் பனை செறிந்த ஊர்களில் வேரூன்றியது. பெரும்பாலும் பெண்களின் தொழில். தாயைப் பார்த்து மகள் பழகுவது.

இளம்பனையான வடலியின் குருத்தோலையை வெட்டி உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. வார்ந்த ஓலை சீராக இல்லாவிட்டால் எந்தக் கைக்கும் இழை நேராக வராது. கடகத்தை இரட்டையாக இழைத்து, வாய்விளிம்பைப் பனைநாரால் பொத்துவார்கள். நெல்லோ மண்ணோ, பாரத்தைத் தாங்குவது அந்த விளிம்புதான். புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி கூம்பு வடிவம். இழைகளின் இடுக்கு வழியே ஆவி ஏறி மாவை வேகவைக்கும். அலுமினியக் குழலில் அவித்த புட்டுக்கு அந்த ஓலை வாசம் வராது.

1850இலேயே வில்லியம் பெர்குசன் என்பவர் பனைக்கென்று தனி நூலொன்றைக் கொழும்பில் வெளியிட்டார். எனினும் பனைக்கென்று அரச நிறுவனம் ஒன்று வாய்த்தது 1978இல், பனை அபிவிருத்திச் சபை அமைந்தபோதுதான். அச்சபை பயிற்சி அளிப்பதோடு 'கற்பகம்' நிலையங்கள் மூலம் விற்பனையும் செய்து வருகிறது.

உள்நாட்டுப் போர் மரத்தையே வீழ்த்தியது. காப்பரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் பனைகள் தறிக்கப்பட்டன; எறிகணையில் தலை இழந்து நின்றவையும் பல. 2009இல் வன்னி மக்கள் வவுனியா செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டார்கள். அங்கிருந்த மெனிக் பாம் முகாம் 2012இல்தான் மூடப்பட்டது. திரும்பிவந்து குடும்பத்தைத் தனியே சுமந்த பெண்கள் பலருக்கு, பிள்ளைகளை விட்டுப் போகாமல் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில்களில் ஒன்றாக ஓலை இழைப்பு கைகொடுத்தது.

தென்னாபிரிக்காவின் சூலு மக்களுக்கும் ஒரு பனை உண்டு. நம் பனைக்கு உறவான 'இலாலா'வின் ஓலையில் அவர்கள் கூடை முடைந்தார்கள். பிறகு டர்பன் நகரத்து இரவுக் காவலாளிகள் நிறநிறமான தொலைபேசிக் கம்பித் துண்டுகளைத் தடிகளில் சுற்றிப் பின்னினார்கள். அதிலிருந்து வளர்ந்த கம்பிக் கூடைகள் இன்று கலைப்பொருளாக உலகெங்கும் விலைபோகின்றன. வன்னியிலோ பிளாஸ்டிக் வாளியும் வயர்ப் பையும் கடகத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கைத்திறனில் இங்கே குறைவில்லை, குறைவு விலையில்தான். ஓலை வெட்டுகூலி, வார்தல், இழைத்தல் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்து, இழைத்தவருக்கு நாட்கூலி கட்டுப்படும் விலையைக் கொடுத்து வாங்குவோர் கூடினாலன்றி, இளையவர்கள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார்கள்.