சாத்தும் காவலும்

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் பயணம் செய்வோர், ஓய்விடங்களில் வரிசையாக நிற்கும் சரக்கு லோரிகளைக் கண்டிருப்பர். ஓட்டுநர் தேநீர் அருந்தச் செல்லுமுன் வண்டியின் பின்புறம் சென்று, கொள்கலனின் கதவில் பூட்டப்பட்ட முத்திரையை ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். அம்முத்திரையின் எண்ணும் அவர் கையிலுள்ள தாளின் எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும். என் மாணவன் ஒருவனின் தந்தை இத்தொழிலில் இருந்தவர். ஒருநாள் அவர் ஓட்டிச் சென்ற வண்டியைச் சிலர் வழிமறித்துச் சரக்கோடு கொண்டு சென்றுவிட்டனர். அடிபட்டுச் சாலையோரம் கிடந்தவரையே முதலில் ஐயுற்றனர். அவர்மேல் குற்றமில்லை என்று தெளிந்த பின்னரும் முதலாளி அவரை மீண்டும் வேலைக்கு அழைக்கவில்லை. “சரக்கைக் காப்பது யாருடைய கடமை, ஐயா?” என்று அம்மாணவன் என்னைக் கேட்டான். விடை தேடப் புகுந்தபோதுதான், நம் பழைய நூல்களும் கல்வெட்டுகளும் இக்கேள்வியோடு நெடுங்காலம் போராடியிருப்பதை உணர்ந்தேன்.

சாத்து என்பது வழிச்செல்லும் வணிகர் கூட்டத்தின் பெயர். பாலை நிலத்துப் பாடல்களைப் பயின்றோர் ஆறலைகள்வர் என்னும் சொல்லையும் அறிவர். ஆறு என்பது வழி. வழிச்செல்வோரை வருத்திப் பொருள் பறிப்போர் ஆறலைகள்வர். அவர்தம் அம்புக்கு இரையானோரின் உடலைக் கல் குவித்து மூடிய பதுக்கைகளைச் சங்கப் பாடல்கள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. தலைவன் பொருள்வயிற் பிரிந்தான் என்று வகுப்பறையில் எளிதாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவன் கடந்த வழியில் அப்பதுக்கைகளும் இருந்தன என்பதை நினைந்தால்தான் தலைவியின் அச்சம் விளங்கும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை இவ்வகையில் நமக்குக் கிடைத்த அரிய சான்று. தொண்டைமான் இளந்திரையனின் ஆட்சிப் பரப்பில் வழிப்பறி செய்யும் கொடியோர் இல்லை என்று புலவர் முதலில் கூறுகிறார். அதன்பின் உப்பு வணிகரின் வண்டித் தொடரைக் காட்டுகிறார். அடுத்து வருவது கழுதைச் சாத்து. பலாப்பழம் போன்ற மிளகுப் பொதிகளை இருபுறமும் ஒத்த எடையாகச் சுமந்து செல்லும் அக்கழுதைகளின் முதுகில் வடு ஆழ்ந்து கிடக்கிறது. உடன் செல்வோர் காலில் செருப்பும் உடலில் சட்டையும் அணிந்தவர்கள். இடையில் வாள் தொங்க, உடைவாளும் செருகியவர்கள். அம்பு பாய்ந்த புண் ஆறிய மார்பினர். சுங்கம் வாங்கும் பெருவழிகள் பிரியும் இடங்களில் வில்லேந்திய காவலர் இருந்தனர் என்பதையும் அப்பாட்டே கூறுகிறது.

இங்கே சற்று நின்று எண்ணுதல் தகும். கள்வர் இல்லாத நாட்டில் வணிகன் மார்பில் அம்புப் புண் எப்படி வந்தது? கவலைதோறும் வில்வீரர் எதற்கு? அரசனைப் போற்றும் கடமை புலவருக்கு இருந்தது. கண்டதை மறைக்கும் மனம் அவருக்கு இல்லை போலும். புகழுரையைக் காட்டிலும் அந்தப் புண்ணையே வரலாற்று மாணவர் சான்றாகக் கொள்ளவேண்டும் என்பது என் கருத்து. சுங்கம் கொடுப்பதற்கு ஈடாக வழிக்காவல் கிடைத்தது என்பதும், அக்காவல் போதாமையால் வணிகர் தாமும் படைக்கலம் ஏந்தினர் என்பதும் இதனால் பெறப்படும்.

அதே புலவர் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர் ஓய்வின்றிப் பொதிகளின்மேல் புலி முத்திரை பொறிக்கின்றனர். சிலப்பதிகாரம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. புகார் நகரத்து வெள்ளிடை மன்றத்தில் வணிகர்தம் பெயரும் கண்ணெழுத்தும் எண்ணும் இடப்பட்ட பொதிகள் கதவும் தாழும் காவலரும் இன்றிக் கிடந்தனவாம். எவரேனும் களவாட முயன்றால், அப்பொதியைத் தலையில் ஏற்றிக் கழுத்துக் கடுக்கச் சுற்றிச் சுற்றி அலையச் செய்யுமேயன்றி, அதனைக் கொண்டுபோக அம்மன்றம் விடாது என்பர் இளங்கோவடிகள். தெய்வத்தின் ஆற்றல் பற்றிய செய்தியை நம்பிக்கையாக விட்டுவிடலாம். பொதியின்மேல் இட்ட எழுத்தும் எண்ணும் நடைமுறை. யாருடைய பொதி, எத்தனை என்று எழுதி வைத்தால்தான் ஒன்று குறைந்ததும் தெரியும். வேறோர் ஊரில் அது விலைக்கு வந்தால் அடையாளமும் காட்டலாம். இன்றைய கொள்கலன் முத்திரை எண் செய்யும் பணியும் இதுவே. முத்திரை கள்வனைத் தடுப்பதில்லை, இரும்பு வெட்டும் கருவி ஒன்று போதும் அவனுக்கு. எங்கே, எவர் பொறுப்பில் இருந்தபோது திறக்கப்பட்டது என்பதை அறியவே அது உதவுகிறது.

களவு நிகழ்ந்த பின் இழப்பை யார் ஈடு செய்வது? 1909ஆம் ஆண்டில் அச்சேறிய கௌடலியரின் அர்த்தசாத்திரம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. சாத்து வணிகர் ஓர் ஊரில் தங்கும்போது தம் சரக்கின் மதிப்பை அறிவித்துவிட்டுத் தங்கவேண்டும். அவ்வாறு அறிவித்த பொருள் இரவில் ஊருக்குள் களவு போனால் ஊர்த்தலைவன் ஈடு தரவேண்டும். ஊர்களுக்கு இடைப்பட்ட வெளியில் போனால் மேய்ச்சல் நிலக் கண்காணிப்பாளனும், அத்தகைய நிலம் இல்லாத இடத்தில் கள்வரைப் பிடிக்கும் அதிகாரியும் பொறுப்பாவர். வழி நெடுகிலும் பொறுப்பாளர் இல்லாத அடி நிலமும் இருத்தலாகாது என்பதே இவ்விதியின் உட்கருத்து. நடைமுறையில் எவ்வளவு கைக்கொள்ளப்பட்டதோ, விதி என்னும் அளவில் இது வியக்கத்தக்கது.

சோழர் காலத்தில் வணிகக் குழுக்கள் பெருகின. மணிக்கிராமத்தாரும் திசையாயிரத்து ஐந்நூற்றுவரும் கடல் கடந்து நம் பகுதிக்கும் வந்தனர். தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தை மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் முதலியோரின் காவலில் விட்ட செய்தியைக் கூறுகிறது. வணிகரும் படையினரும் அருகருகே பேசப்படுவது கருதத்தக்கது. சுமத்திராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டில் ஐந்நூற்றுவர் பொறித்த கல்வெட்டும் உண்டு.

இக்குழுக்கள் தமக்கெனப் படைவீரரை வைத்திருந்தன. வீரக்கொடியார், எறிவீரர், முனைவீரர் எனக் கல்வெட்டுகள் அவர்களைப் பெயரிட்டுச் சொல்லும். அவர்தம் காவலில் சரக்கு இறக்கி வைக்கத்தக்க வணிக ஊர்கள் எறிவீரப்பட்டினம் எனப்பட்டன. ஓடும் சரக்கைவிட நின்ற சரக்குக்கே இடர் மிகுதி. ஆதலின், காவலுள்ள தங்குமிடத்தை அமைத்தது அவ்வணிகரின் பட்டறிவைக் காட்டும். 1997இல் அமெரிக்காவில் பெருந்தொழில் நிறுவனங்கள் கூடிச் சரக்குப் பாதுகாப்புக்கென ஒரு சங்கம் அமைத்தன. லோரிகள் இரவில் நிற்கும் இடத்தின் வேலி, விளக்கு, காவல் ஆகியவற்றுக்கு இன்று அச்சங்கம் தரம் வகுத்து வருகிறது. பெயர்தான் வேறு.

ஆயினும் வாள் ஏந்தியவனைக் காப்பவனாகவே எண்ணிவிடல் ஆகாது. சென்னைக்கு வடக்கே காட்டூரில் உள்ள ஒரு கல்வெட்டு என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அயப்புழல் என்னும் ஊரை ஐந்நூற்றுவர் வீரப்பட்டினமாக மாற்றினர். அப்போது அவர்கள் விதித்த கட்டுப்பாடு யாது? வாளேந்தி வரி கேட்டு அச்சுறுத்துவோரும், மக்களைப் பிடித்து அடைத்துப் பட்டினி போடுவோரும் ஆகிய வணிக இனத்தார் அவ்வூரில் இருத்தலாகாது என்பதே. புறத்திலிருந்து வரும் கள்வரைப் பற்றிய பேச்சு அன்று இது. தம் குழுவைச் சேர்ந்தவரைத் தாமே விலக்கிய விதி. தவறு நிகழாத இடத்தில் விலக்கு எழுதப்படுவதில்லை அல்லவா?

காவல் களவாகத் திரிந்த கதையின் மறுபகுதி தென்பாண்டி நாட்டில் நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே ஊர்க்காவலும், வழிகளுக்கான தேசக்காவலும் இருந்தன. காவல் வரி வாங்கிய காவற்காரர், களவு போன பொருளை மீட்டுத் தரவேண்டும். இயலாவிடில் ஈடு தரவேண்டும். இவ்வளவில் முறை நன்று. காலப்போக்கில் துப்புக்கூலி என்பது பெருகியது. பொருள் இருக்கும் இடத்துக்குத் துப்புச் சொல்ல உரியவனிடமே பணம் வாங்கினர். துப்புச் சொன்னவரே களவுக்கும் உடந்தையாயிருந்தது உண்டு. 1801ஆம் ஆண்டில் பாளையக்காரர் போர் முடிந்தபின் கும்பினியார் தேசக்காவலைத் தம் கைப்படுத்தினர். ஈடு தரும் பழைய கடமை அத்துடன் தளர்ந்தது; புதிய காவல்துறை கள்வனைத் தேடும், ஆனால் இழந்த சரக்குக்கு விலை தராது.

இன்று அந்த விலையைத் தருவது காப்புறுதி நிறுவனம். செயற்கைக்கோள் வழியே வண்டி நிற்கும் இடத்தைத் திரையில் காணலாம். களவு தெரிந்த உடனே வண்டி எண்ணையும் முத்திரை எண்ணையும் கடைசியாகக் கண்ட இடத்தையும் காவல் நிலையத்திற்கு அறிவித்தால் மீட்பதற்கு வாய்ப்பு உண்டு. நேரம் கடந்தால் சரக்கு பல கை மாறிவிடும். பொய்த் தாளோடு வந்து முறைப்படி கையொப்பமிட்டே சரக்கை ஏற்றிச் செல்லும் களவும் இக்காலத்தில் மிகுந்துள்ளது. அங்கே வில்லும் வாளும் பயன்படா, வருபவன் யார் என்று கேட்டறியும் எழுத்தரே காவலர். சரக்கின் உரிமையாளருக்கு ஈடு கிடைக்கிறது. ஓட்டுநர்மேல் விழுந்த ஐயத்துக்கு ஈடு எழுதிய முறி எதுவும் இல்லை.

அம்மாணவனின் தந்தை பின்னர்ப் பள்ளிப் பேருந்து ஓட்டலானார். ஒருநாள் காட்டூர்க் கல்வெட்டின் செய்தியை அவரிடம் விரித்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டவர், “வாள் பிடித்தவனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், ஐயா. கழுதையை ஓட்டிப் போனவனைப் பற்றி எங்காவது எழுதியிருக்கிறதா?” என்றார். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.