எரிமலைத் தீவின் ஓடைப்பள்ளங்கள்: ரீயூனியன் மலைநடை குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

மலேசியாவின் போர்டிக்சன் கடற்கரையில் எரிமலைப் பாறையைப் பார்க்க முடியாது. லுக்குட்டிலிருந்து லிங்கி ஆற்றுமுகம் வரை காலில் படுவது மணலும், இரும்பேறிச் சிவந்த செம்பூராங்கல்லும்தான். சுவா பெத்தோங், தானா மேரா தோட்டத்துக்காரர்களுக்குப் பள்ளம் என்றால் இரண்டு மேடுகளுக்கு நடுவே அல்லூர் (சிற்றோடை) ஓடும் தாழ்ந்த நிலம். பால்மரக் காலத்தில் நிரை முடிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறிய சரிவு அது. எரிமலைத் தீவில் ஓடை அறுத்த பள்ளம் வேறு வகை. கடற்கரையில் பத்தடி ஆழத்தில் தொடங்கி, மேலே போகப் போக இருபுறமும் சுவராக எழும்பி, கடைசியில் முந்நூறு மீட்டர் ஆழமுள்ள கிணறாக முடிவதும் உண்டு.

இவ்வகைப் பள்ளங்கள் மிக அடர்த்தியாக உள்ள நிலங்களில் ஒன்று, இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே கிடக்கும் ரீயூனியன் தீவு. பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். 1946 முதல் பிரான்சின் கடல்கடந்த மாவட்டம். மக்களில் ஏறக்குறையக் கால்வாசிப் பேர் இந்திய வழியினர்; அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வம்சம். அங்கே இவர்களுக்கு 'மல்பார்' என்று பெயர்.

இத்தீவின் மலைநடை பற்றிய பயண எழுத்துகள் பெரும்பாலும் மலைத்தலையில் தொடங்கி அருவியோடு நின்றுவிடுகின்றன. பள்ளத்தின் வாயில், கடலோரத்தில், நம்மவர் வந்திறங்கிய இடம் இருக்கிறது. பள்ளத்தை வாயிலிருந்து தலைநோக்கிப் படித்தால்தான் தீவு முழுதாக விளங்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பாறை, நீர், மனிதர், நடை என்ற வரிசையில் அது ஆராயப்படுகிறது.

2. பாறை

2.1 குழம்பு அறுபட்ட பள்ளம், சாம்பல் அறுபட்ட பள்ளம்

எரிமலை நிலத்துப் பள்ளங்களை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்று, சாம்பல் படிந்து இறுகிய நிலத்தில் அறுபட்டது. நமக்கு மிக அருகிலுள்ள உதாரணம், மலாக்கா நீரிணைக்கு எதிர்க்கரையில், சுமத்ராவின் புக்கிட் திங்கி நகரத்தை ஒட்டியுள்ள சியானோக் பள்ளத்தாக்கு. வெளிறிய சாம்பல்கல் சுவர்கள் நூறு மீட்டர் அளவுக்கு நேர்குத்தாக நிற்கின்றன. அடியில் ஆறு தட்டையாக ஓடுகிறது. இந்தக் கல் மென்மையானது. எளிதில் அறுபடும், எளிதில் சரியும்.

மற்றது, நெருப்புக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி உறைந்த கருங்கல்லில் அறுபட்டது. ரீயூனியன் இந்த வகை. அங்கே ஒரு பள்ளச் சுவரைக் கிட்டே நின்று பார்த்தால் தீவின் கணக்குப்புத்தகமே திறந்து கிடக்கும். சாம்பல் நிறத்தில் கெட்டியான ஓர் அடுக்கு. அதன்மேல் ஒரு முழ உயரத்துக்குச் செங்கல் நிறத்தில் பொடிந்த ஓர் அடுக்கு. அதற்கும் மேலே மீண்டும் சாம்பல் நிறம். கெட்டி அடுக்கு ஒவ்வொன்றும் ஒருமுறை ஓடிய குழம்பு. சிவப்பு அடுக்கு, இரண்டு வெடிப்புகளுக்கு இடையில் மேற்பரப்பில் கிடந்து மக்கிய மண்ணும் கசடும், அடுத்து வந்த குழம்பின் சூட்டில் வெந்து சிவந்தது. கெட்டி அடுக்கைத் தண்ணீரால் மேலிருந்து சுலபமாகத் தேய்க்க முடிவதில்லை. பொடியும் அடுக்கைப் பக்கவாட்டில் அரித்துவிடுகிறது. அடிப்பிடிமானம் போன கெட்டிப்பாறை மொத்தமாக இடிந்து விழுகிறது. அருவிகள் பின்னோக்கி நகர்வதும், சுவர்கள் சரிவாகாமல் செங்குத்தாகவே நிற்பதும் இதனால்தான்.

2.2 தக்காணத்தோடு உறவு

ரீயூனியனுக்கு அடியில் பூமியின் ஆழத்திலிருந்து சூடு மேலெழும் ஓரிடம் இருக்கிறது. சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்துகொண்டிருந்தபோது அதே இடத்தின்மேல்தான் இருந்தது. அப்போது கொட்டிய குழம்புதான் தக்காணப் பீடபூமி. லட்சத்தீவு, மாலத்தீவு ஆகியவற்றின் அடித்தளமும் அதே ஊற்று விட்டுச்சென்ற தடம். அஜந்தாவில் வாகோரா ஓடை குதிரை லாட வடிவில் அறுத்த பள்ளத்தின் சுவரில்தான் குகைகள் குடையப்பட்டன. அங்கேயும் கருங்கல், நடுவே சிவப்பு மண், மீண்டும் கருங்கல் என்ற அடுக்குமுறையைப் பார்க்கலாம். அஜந்தா போனவர் ரீயூனியன் பள்ளத்தின் மூத்த உறவைப் பார்த்துவிட்டார் என்றே சொல்லலாம்.

வயது இங்கே முக்கியம். பக்கத்துத் தீவான மொரீஷியஸ் கடலுக்கு மேலே வந்து சுமார் எண்பது லட்சம் ஆண்டு ஆகிறது. அதன் பிளாக் ரிவர் பள்ளத்தாக்குகள் காடு மூடி, தோள் தணிந்து நிற்கின்றன. ரீயூனியனுக்கு இருபது முப்பது லட்சம் ஆண்டுதான். அதன் பழைய மலையான பித்தோன் தெ நேஜ் 3,070 மீட்டர் உயரம். சுமார் 12,000 ஆண்டுகளாக அடங்கிக் கிடக்கிறது. சலாஸி, மஃபாத், சிலாவோஸ் என்ற மூன்று பெருங்குழிகள் அதைச் சுற்றி உள்ளன. இவற்றை எரிமலை வாய் என்று சிலர் எழுதுவது தவறு. மலை இடிந்தும் அரிக்கப்பட்டும் உண்டானவை. கிழக்கே உள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் இன்றும் குமுறும் மலை. 2007 ஏப்ரலில் அதன் உச்சிப் பள்ளத்தின் தரை முந்நூறு மீட்டருக்குக் குறையாமல் உள்வாங்கியது.

3. நீர்

பள்ளத்தை அறுத்த கருவி மழை. இத்தீவின் மழை உலகச் சாதனை. 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்ற மேட்டில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. போர்டிக்சன் வட்டாரத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழைக்கு அது கிட்டத்தட்ட நிகர். 2007 பிப்ரவரியில் கமேட் புயலின்போது கோமெர்சோன் எரிமலை வாயருகே மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. அதே புயலில் தெற்கே சேன்த்-எத்தியேன் ஆற்றுப் பாலம் இடிந்தது.

இவ்வளவு பெய்தும் மேற்குக்கரையின் பல பள்ளங்கள் ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கின்றன. காற்று கிழக்கிலிருந்து வருவதால் மழை அந்தப் பக்கத்திலேயே இறங்கிவிடுகிறது என்பது ஒரு காரணம். இளம் குழம்புப்பாறை நுண்துளையும் வெடிப்பும் நிறைந்தது, பெய்த நீரை அப்படியே குடித்துவிடுகிறது என்பது இன்னொன்று. பழைய பாறையின் துளைகளைக் கனிமங்கள் அடைத்துவிட்ட இடங்களில் மட்டும் ஆறு வெளியே ஓடுகிறது. கிழக்கே தக்கமக்கா பள்ளத்தாக்கு அப்படிப்பட்டது. அங்கே 1968-இல் நீர்மின் நிலையமே அமைத்தார்கள். அந்த இடத்துக்குப் பெயர் கொடுத்த தக்கமக்கா மரம், நம் கடற்கரைப் புன்னைக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

வறண்ட பள்ளம் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. மலைத்தலையில் பெய்த மழை, கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். நம் நாட்டில் 'கெப்பாலா ஆயர்' எனும் திடீர் வெள்ளம் வந்து ஆற்றில் குளிப்பவர்களை அடித்துச் சென்ற செய்திகளைப் படித்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சுவர் இடிவதும் உண்டு. 1875 நவம்பரில் சலாஸியின் கிராந்த் சாப்ளு பகுதியில் மலை சரிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் புதையுண்டார்கள்.

4. மனிதர்

4.1 மேலே ஒளிந்தவர்கள்

பதினெட்டாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் பள்ளங்களின் வழியே ஏறித்தான் பெருங்குழிகளுக்குள் போனார்கள். மஃபாத் என்பது அப்படித் தப்பிய ஒரு தலைவனின் பெயர். பிரான்சுவா முசார் என்ற அடிமை வேட்டைக்காரன் ஆள் திரட்டிக்கொண்டு இவர்களைத் துரத்தினான். இன்றும் மஃபாத்துக்கு வண்டிச்சாலை இல்லை. நடந்து போக வேண்டும், அல்லது ஹெலிகாப்டர். சில நூறு பேர், 'ஈலே' எனப்படும் சிறு மேட்டுச் சமவெளிகளில் வாழ்கிறார்கள். ஈலேக்கு ஈலே இடையில் ஒரு பள்ளம். இறங்கி ஏறாமல் பக்கத்து ஊருக்குப் போக முடியாது.

4.2 வாயில் நிறுத்தப்பட்டவர்கள்: கிராந்த் ஷாலூப்

1848 டிசம்பர் 20-இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஆள் எடுக்க 1860-இல் பிரான்சும் பிரிட்டனும் உடன்படிக்கை செய்துகொண்டன; கூலிகள் நடத்தப்பட்ட விதம் பற்றிய புகார்கள் பெருகி, 1882-இல் பிரிட்டன் அதை நிறுத்தியது. அதற்குள் லட்சத்துக்கு மேற்பட்டோர் போயிருந்தார்கள்.

1859-இல் தீவில் காலரா பரவியதும், வருகிறவர்களைத் தனிமைப்படுத்த ஓரிடம் தேடினார்கள். தலைநகர் சேன்-தெனிக்கும் லா பொசெசியோனுக்கும் நடுவே, இருபுறமும் மலைச்சுவர் எழும்பி, முன்னே கடல் மட்டும் திறந்திருக்கும் கிராந்த் ஷாலூப் பள்ளத்தின் வாய் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1860-61-இல் தடுப்புக் கொட்டடிகள் கட்டப்பட்டன. பள்ளத்தின் அமைப்பே இங்கே காவல் வேலை பார்த்தது: சுவர் ஏறி எளிதில் தப்ப முடியாது, நோய் ஊருக்குள் போகாது. கருங்கல் கட்டடங்கள், மதில், கல்லறைகள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் இறக்கப்பட்டு, பிறகு தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்ட நம் முன்னோர் கதைக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. அங்கே மலைப்பள்ளம், இங்கே தீவு.

இந்தப் பள்ளத்தைக் குறுக்கே கடக்கும் கிரெமோன் பாதை பதினெட்டாம் நூற்றாண்டினது. கருங்கல் பாவி, செங்குத்துச் சரிவில் வளைந்து வளைந்து இறங்கி, ஓடையைத் தாண்டி எதிர்ச்சுவரில் ஏறுகிறது. இதற்கு 'ஆங்கிலேயர் பாதை' என்ற பெயரும் உண்டு. 1810 ஜூலையில் தீவைப் பிடிக்க வந்த ஆங்கிலப் படை இதைப் பயன்படுத்தியது. அந்தப் படையெடுப்பில் சென்னை மாகாணச் சிப்பாய்களும் வந்திருந்தார்கள். ஆக, தமிழ் நிலத்தார் இந்தக் கரையில் துப்பாக்கியோடு வந்து ஐம்பது ஆண்டுக்குப் பிறகு, மண்வெட்டி பிடிக்க வந்தவர்கள் இதே பள்ளத்தில் அடைத்து வைக்கப்பட்டார்கள். சுற்றிலும் உள்ள சரிவில் தீவின் தாழ்நில வறள்காட்டின் கடைசி எச்சம் நிற்கிறது. இவ்வளவும் ஒரே பள்ளத்தில் சேர்ந்திருக்க, பயணக் கையேடுகள் இதை ஒரு பத்தியில் முடித்துவிடுவது எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை.

4.3 எல்லையாக நின்ற பள்ளம்

குடியேற்றக் காலத்தில் நிலத்தை அலையடிக்கும் கரையிலிருந்து மலையுச்சி வரை நீண்ட பட்டையாக அளந்து கொடுத்தார்கள். பட்டைக்கும் பட்டைக்கும் எல்லை பெரும்பாலும் பள்ளம். கரும்புத் தோட்டமும் ஆலையும் லயமும் அந்த இரண்டு பள்ளங்களுக்கு நடுவே அடங்கின. பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்க வேண்டுமானால் பள்ளத்தைக் கடக்க வேண்டும். ஆனால் திருவிழாவுக்கு நீர் வேண்டும். கரகம் பாலிக்க ஆற்றங்கரை வேண்டும்; அதற்கும் பள்ளம்தான். சேன்-ஆந்த்ரே பக்கம் தீமிதி இன்றும் நடக்கிறது. மொழி பெரும்பாலும் போய்விட்ட இடத்தில் கோயிலும் குடும்பப் பெயரும் நின்றிருக்கின்றன.

5. நடையின் வகைகள்

நடப்பவர் நோக்கில் ரீயூனியன் பள்ள நடையை மூன்றாகக் கொள்ளலாம்.

முதலாவது, பள்ளத்தைக் குறுக்கே கடக்கும் நடை. கிரெமோன் பாதை இதற்குச் சான்று. நல்ல காலணியும் தண்ணீரும் இருந்தால் பழக்கமில்லாதவரும் நிதானமாகப் போகலாம். மழை பட்ட கருங்கல் வழுக்கும்; இறங்கும்போதுதான் முழங்கால் சோதிக்கப்படும்.

இரண்டாவது, பள்ளத்துக்கு உள்ளே போகும் நடை. மஃபாத் இதில் தலையாயது. ரிவியேர் தெ கலே ஆற்றுப்படுகை வழியே கீழிருந்தும் நுழையலாம், சலாஸி பக்கத்திலிருந்து கணவாய் ஏறி லா நூவேல் ஊருக்கும் இறங்கலாம். சலாஸி வழியில் கொடியெல்லாம் சௌசௌ காய்த்துத் தொங்கும். அவ்வூரின் அடையாளக் காயே அதுதான். மஃபாத் ஊர்களில் தங்க விடுதிகள் உண்டு.

மூன்றாவது, கயிறு கட்டி அருவி வழியே இறங்குவது. சிலாவோஸ் பக்கத்துப் பள்ளங்கள் இதற்குப் பேர்போனவை. உச்சநிலை துரு தெ ஃபேர். பேலூவ் காட்டுக்குள் நிலம் திடீரென்று பிளந்து, முந்நூறு மீட்டர் ஆழக் கிணறாக இறங்குகிறது. 1989 வரை எவரும் அதன் வழியே இறங்கி வெளியேறியதில்லை. தேர்ந்த வழிகாட்டி இல்லாமல் இதை நினைக்கவே கூடாது. மற்றவர்களுக்குக் காட்டுப்பாதையின் முடிவில் பார்வை மேடை இருக்கிறது; சேற்றில் போய்வர அரைநாள் ஆகும். காலையிலேயே போய்விட வேண்டும், பிறகு மேகம் மூடிவிடும்.

இவற்றில் பெரும்பகுதி 2007-இல் அமைந்த தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. 2010-இல் யுனெஸ்கோ இந்த மலைகளையும் பெருங்குழிகளையும் சுவர்களையும் உலக மரபுச் சொத்தாக்கியது. தீவின் பரப்பில் ஏறக்குறைய 40 விழுக்காடு அதில் அடக்கம்.

6. போர்டிக்சனிலிருந்து பார்க்கும்போது

நம் வட்டாரத்தில் மலைநடை என்றால் தஞ்சோங் துவான் காடுதான். மார்ச் மாதத்தில் சுமத்ராவிலிருந்து நீரிணை கடந்து வரும் தேன்பருந்துகளைப் பார்க்க அங்கே கூட்டம் கூடும். அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் வரலாறும் 1606-இல் டச்சுக்காரரும் போர்த்துக்கீசியரும் அந்த முனையில் போரிட்டதும் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. அதே வட்டாரத்துத் தோட்டங்களில் பெரட்டுக் களத்திலிருந்து தீம்பாருக்குப் போன பாதைகளும், கரகம் எடுத்த அல்லூர்களும் எழுத்தில் ஏறவில்லை. செம்பனை வந்தபோது சில மறைந்தன, வீடமைப்பு வந்தபோது பல மறைந்தன. ரீயூனியனில் பள்ளம் ஆழமாக இருந்ததால் யாராலும் மூட முடியவில்லை; பெயரும் பாதையும் தப்பின. இடிந்து கிடந்த தடுப்புக் கொட்டடியை அரசே சீரமைத்து அருங்காட்சியகமாக்கியது. நம் பள்ளம் ஆழமற்றது. அதனால்தான் அதைக் காகிதத்தில் காப்பாற்றுவது அவசரம். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் ஒரு வரைபடத்தை விரித்து, பெரியவர்களை உட்காரவைத்து, எந்தப் பாதை எந்த அல்லூரைக் கடந்தது என்று குறித்தாலே போதும். அதற்கு ஒரு விடுமுறை நாள் ஆகும்.

ரீயூனியன் போகிறவர்கள் மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட பருவத்தில் போங்கள். ஓடைத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. காலில் காயம் இருந்தால் இறங்காதீர்கள். ஹெலிகாப்டர் சீட்டும் துரு தெ ஃபேர் பயணமும் இரண்டாம் நாளுக்கு இருக்கட்டும். முதல் நாளை கிராந்த் ஷாலூப்புக்குக் கொடுங்கள்.