கியாசனூர் காட்டுக் காய்ச்சல்

உண்ணிக் கடியால் பரவும் வைரஸ் நோய். வழக்கில் ‘குரங்குக் காய்ச்சல்’. 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், குரங்குகள் செத்து விழுந்த கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்டது.

இதன் வைரஸ் ஃபிளேவிவைரஸ் வகையைச் சேர்ந்தது. முதன்மைக் கடத்தி ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா உண்ணி. பருவமழையில் முதிர்ந்த உண்ணிகள் மாட்டின் இரத்தம் குடித்துச் சருகடியில் முட்டையிடும். மழை ஓய்ந்து நிலம் உலர்ந்தபின், ஏறத்தாழ நவம்பர் முதல் மே வரை, கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத இளம் உண்ணிகள் மனிதரைக் கடிக்கும். விறகும் சருகும் பொறுக்கக் காட்டுக்குள் போகும் பருவமும் அதுவே. காட்டை அழித்து வயலும் தோட்டமும் ஆக்கிய விளிம்புகளில், மேயும் மாடுகளால் உண்ணி பெருகும். மாடு நோய்ப்படாவிட்டாலும் உண்ணிக்குத் தீனி அதுதான்.

2012இல் பந்திப்பூர்ப் பகுதியிலும், அதையடுத்து நீலகிரிக் குரங்குகளிலும் வைரஸ் தென்பட்டது. கர்நாடகக் காடுகளைத் தொட்டுக் கிடக்கும் ஓசூர் வனக்கோட்டத்திலும் குரங்கு, மேய்ச்சல் மாடு இரண்டும் உண்டு. அங்கே குரங்கு இறப்பே கவனிக்க வேண்டிய முன்னறிகுறி.