சேமித்த வைஃபையை நீக்குதலும் வைஃபையை அணைத்தலும்

கைபேசி ஒருமுறை இணைந்த வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் யாரையும் கேட்காமல் தானே இணைந்துகொள்ளும். இப்படிச் சேர்ந்த பெயர்களின் தொகுப்புதான் சேமித்த வைஃபைப் பட்டியல். அதிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிடக் கைபேசிகள் வைத்திருக்கும் சொல் 'ஃபர்கெட்', அதாவது மறந்துவிடு. வைஃபையை நிறுத்துவதற்கு 'ஆஃப்'. இரண்டும் எளிய சொற்கள். ஆனால் இரண்டுமே சொன்னதை முழுக்கச் செய்வதில்லை என்பதால்தான் இவற்றுக்கு இத்தனை விளக்கம் தேவைப்படுகிறது.

நான்கைந்து வருடம் ஒருவர் கையில் புழங்கிய கைபேசியில் இந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தால் கல்யாண மண்டபம், மாமியார் வீடு, மூன்றே மாதம் வேலை பார்த்த அலுவலகம், பல் மருத்துவரின் காத்திருப்பு அறை, கொடைக்கானல் விடுதி, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனின் ஹாட்ஸ்பாட் என்று வரிசையாக வரும். இவற்றில் தினமும் பயன்படுபவை இரண்டு அல்லது மூன்று. மற்றவை யாரும் நீக்காததால் கிடப்பவை.

பட்டியல் இருக்கும் இடம்

வைஃபையின் அடிப்படையான 802.11 தரவரையறை 1997-இல் வெளியானது. வைஃபை என்ற வணிகப் பெயர் 1999-இல் சூட்டப்பட்டது. இணைந்த இடங்களைப் பட்டியலிட்டு வைத்துக்கொள்வதோ அந்தத் தரவரையறையின் பகுதி அல்ல, கைபேசியின் இயங்குதளம் பயனரின் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு.

ஆண்ட்ராய்டில் வைஃபை இணைப்பைப் பார்த்துக்கொள்வது யோவ்னி மலினென் என்ற ஃபின்லாந்து நிரலாளர் எழுதிய 'டபிள்யூபிஏ சப்ளிகன்ட்' என்ற திறமூல நிரல். ஆண்ட்ராய்டு 7 வரை பெயர்களும் கடவுச்சொற்களும் அந்த நிரலின் ஒரு சாதாரண உரைக் கோப்பில் இருந்தன. ரூட் செய்த, அதாவது இயங்குதளத்தின் முழுக் கட்டுப்பாட்டையும் திறந்துவிட்ட கைபேசியில் அந்தக் கோப்பைத் திறந்தால் கடவுச்சொற்களை அப்படியே வாசிக்கலாம். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் கோப்பின் வடிவம் மாறியது. ஐபோனில் கடவுச்சொற்கள் 'கீசெயின்' என்ற பெட்டகத்தில் இருக்கின்றன. ஐகிளவுட் கீசெயினைப் பயன்படுத்துபவர் ஐபோனில் சேமித்த வைஃபை அவருடைய ஐபேடிலும் மேக் கணினியிலும் தானாக வந்து நிற்கும். ஒன்றில் நீக்கினால் மற்றவற்றிலும் நீங்கும். வீட்டில் ஒரே ஆப்பிள் கணக்கை இருவர் பகிர்ந்தால், ஒருவர் நீக்கியது மற்றவரின் கருவியில் குழப்பத்தை உண்டாக்குவது இதனால்தான்.

ஆண்ட்ராய்டில் காப்புப் பிரதியை இயக்கியிருந்தால் வைஃபை பட்டியலும் கூகுள் கணக்கில் ஏறிவிடும். புதுக் கைபேசி வாங்கிப் பழைய பிரதியை மீட்டால், எப்போதோ தங்கிய விடுதியின் வைஃபையும் கூடவே வந்து சேரும். பட்டியலின் ஆயுள் கைபேசியின் ஆயுளைவிட நீளம்.

பெயரை நம்பும் வழக்கம்

பட்டியல் நீண்டு கிடப்பதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். கடவுச்சொல் உள்ள வீட்டு வைஃபையைப் பொறுத்தவரை பெரிதாக ஒன்றும் கெடாது. சிக்கல் கடவுச்சொல் இல்லாத திறந்த வைஃபைகளில் இருக்கிறது. அவற்றைக் கைபேசி அடையாளம் காண்பது பெயரை வைத்துத்தான். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எந்த ரூட்டருக்கும் வைக்கலாம்.

ரயில் நிலையங்களை எடுத்துக்கொள்வோம். ரயில்டெல் நிறுவனமும் கூகுளும் சேர்ந்து 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய இலவச வைஃபை, பின்னர் 6,000-க்கும் அதிகமான நிலையங்களுக்குப் பரவியது. எல்லா இடத்திலும் ரயில்வயர் என்ற ஒரே பெயர். எழும்பூரில் ஒருமுறை இணைந்த கைபேசிக்கு மதுரை, நாக்பூர், ஹௌரா எல்லாமே தெரிந்த இடம். இது பயணிக்கு வசதி. ஓடும் ரயிலில் யாரோ ஒருவர் தன் ஹாட்ஸ்பாட்டுக்கு அதே பெயரை வைத்துக் கடவுச்சொல்லை எடுத்துவிட்டால், அதுவும் கைபேசிக்குத் தெரிந்த இடமாகவே படும். இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கத்தில் இயங்குவதால், அப்படி இணைந்தவுடன் வங்கிக் கணக்கு பறிபோய்விடும் என்பது மிகை. ஆனால் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறோம் என்பது பெரும்பாலும் தெரியவரும். போலி உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டிக் கைபேசி எண்ணையும் ஓடிபியையும் கேட்கவும் முடியும்.

பழைய கைபேசிகளிடம் இதைவிட மோசமான ஒரு பழக்கம் இருந்தது. வைஃபை இயங்கும் நேரமெல்லாம் தன் பட்டியலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'இருக்கிறாயா, இருக்கிறாயா' என்று காற்றில் கேட்டுக்கொண்டே போகும். பக்கத்தில் மடிக்கணினியோடு இருப்பவருக்கு அத்தனை பெயர்களும் கேட்கும். டினோ டாய் சோவி, ஷேன் மெக்காலே என்ற இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2000-களின் நடுவில் உருவாக்கிய 'கர்மா' என்ற கருவி, எந்தப் பெயரைக் கேட்டாலும் 'நான்தான் அது' என்று பதில் சொல்லிக் காட்டியது. அதன் பிறகு இயங்குதளங்கள் மெல்ல மெல்லத் திருந்தின. இப்போதைய கைபேசிகள் பெயர் சொல்லாமல், 'யார் யார் இருக்கிறீர்கள்' என்று பொதுவாகக் கேட்கின்றன.

மறைத்து வைத்த வைஃபை மட்டும் இதற்கு விலக்கு. ரூட்டர் தன் பெயரை வெளியிடாதபோது, கைபேசிதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டாக வேண்டும். பாதுகாப்புக்காக வீட்டு வைஃபையின் பெயரை மறைப்பவர், தன் கைபேசியைப் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லவைக்கிறார். மறைக்காமல் விட்டு, நல்ல கடவுச்சொல் வைப்பதே மேல்.

இந்தப் பெயர் நம்பிக்கையால் ஒரு நன்மையும் உண்டு. ரூட்டர் பழுதாகிப் புதிது வாங்கினால், பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் கொடுத்துவிடலாம். வீட்டிலுள்ள எந்தக் கருவிக்கும் ரூட்டர் மாறியது தெரியாது. ஒவ்வொன்றிலும் மறுபடி கடவுச்சொல் அடிக்கும் வேலை மிச்சம்.

பெயரைப் பற்றிப் பேசும்போது தமிழுக்கு உரிய ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். வைஃபை பெயருக்கு ஒதுக்கிய இடம் 32 பைட்டுகள். ஆங்கிலத்தில் அது 32 எழுத்து. தமிழில் உயிர்மெய்யின் மெய்யும், மேலேறும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. ஆக மொத்தம் பத்துக் குறியீடுகளே அடங்கும். 'தமிழ்' என்ற சொல் மட்டும் 15 பைட்டு பிடிக்கும். 'வீட்டு வைஃபை' என்பதற்கு 34 பைட்டு வேண்டும் என்பதால் அந்தப் பெயரை வைக்கவே முடியாது.

நீக்கும் முறை

கைபேசி நிறுவனங்கள் மாற்றம் செய்யாத, கலப்பில்லாத ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸைத் திறந்து 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதில் 'இன்டர்நெட்' என்று போனால் அடியில் 'சேவ்டு நெட்வொர்க்ஸ்' இருக்கும். வேண்டாத பெயரைத் தொட்டு 'ஃபர்கெட்' கொடுத்தால் போதும். சாம்சங்கில் 'கனெக்‌ஷன்ஸ்', 'வைஃபை', மூன்று புள்ளி வழியாக மேம்பட்ட அமைப்புகளுக்குப் போய் 'மேனேஜ் நெட்வொர்க்ஸ்' என்பதைத் திறக்க வேண்டும். மற்ற நிறுவனங்கள் இதை எந்த மூலையில் வைத்திருக்கின்றன என்று மனப்பாடம் செய்வது வீண் வேலை. செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'சேவ்டு' என்று அடித்துப் பார்ப்பது சுருக்கு வழி.

ஐபோனில் 2022 வரை ஒரு விசித்திரமான தடை இருந்தது. ஒரு வைஃபையின் எல்லைக்குள் நின்றால்தான் அதை நீக்க முடியும். மூணாறில் இணைந்த விடுதி வைஃபையைச் சென்னை வந்த பிறகு நீக்க நினைத்தால், ஐபோனில் வழி இல்லை. ஐஓஎஸ் 16 இதைச் சரிசெய்தது. வைஃபை பக்கத்தின் மேல் மூலையில் 'எடிட்' என்பதைத் தொட்டு, முகத்தையோ பூட்டு எண்ணையோ காட்டினால் முழுப் பட்டியலும் திறக்கும். கடவுச்சொல்லையும் அங்கேயே பார்க்கலாம். நீக்குவதற்கு முன் அதை ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. நீக்கிய பிறகு கைபேசியிடம் கேட்டுப் பயனில்லை. ஆண்ட்ராய்டு 10 முதல் 'ஷேர்' பொத்தான் கியூஆர் குறியீட்டைக் காட்டும், பல கைபேசிகளில் கடவுச்சொல்லும் அதனடியில் தெரியும்.

நீக்காமல், தானாக இணைவதை மட்டும் நிறுத்தவும் முடியும். ஐபோனில் 'ஆட்டோ ஜாயின்', ஆண்ட்ராய்டில் 'ஆட்டோ கனெக்ட்' என்ற பொத்தான் ஒவ்வொரு பெயருக்கும் தனியாக உண்டு. ரயில் நிலையம் போன்ற, எப்போதாவது தேவைப்படும் திறந்த வைஃபைகளுக்கு இதுவே பொருத்தம்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துடைக்க 'ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்' இருக்கிறது. இது ஐபோனில் விபிஎன் அமைப்புகளையும், ஆண்ட்ராய்டில் புளூடூத்தில் சேர்த்துவைத்த இயர்போன், கார் எல்லாவற்றையும் சேர்த்தே துடைத்துவிடும். கடைசி வழியாக மட்டுமே இதைத் தொட வேண்டும். ஆனால் சில நேரம் வேறு வழி இருக்காது. 2021 ஜூனில், சதவிகிதக் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் மாறிமாறி வரும் ஒரு குறிப்பிட்ட பெயர் கொண்ட வைஃபையில் இணைந்த ஐபோன்களில் வைஃபையே செத்துப்போனது தெரியவந்தது. இயங்குதளம் அந்தப் பெயரைப் பெயராகப் படிக்காமல் கட்டளையாகப் படித்துவிட்டது. அணைத்துப் போட்டும் பலனில்லை. நெட்வொர்க் அமைப்புகளை மீட்டமைத்த பிறகே பிழைத்தது. ஐஓஎஸ் 14.7-இல் ஆப்பிள் இந்தப் பிழையைத் திருத்தியது.

அணைத்தும் அணையாமை

ஐபோனின் கண்ட்ரோல் சென்டரில் உள்ள வைஃபை பொத்தானைத் தொட்டால் நீல நிறம் போய்விடும். பார்ப்பவர் வைஃபை அணைந்தது என்றே நினைப்பார். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அந்தப் பொத்தான் செய்வது இணைப்பைத் துண்டிப்பது மட்டும்தான். ஏர்டிராப், ஆப்பிள் வாட்ச் போன்றவற்றுக்காக வைஃபை வானொலி உள்ளே இயங்கிக்கொண்டே இருக்கும். விடியற்காலை 5 மணி ஆனதும் பழையபடி தானாக இணையத் தொடங்கிவிடும். கைபேசியை மறுதொடக்கம் செய்தாலும் அப்படித்தான். இலக்கமுறை உரிமைகளுக்காகப் பேசும் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் அப்போதே இதைக் கடுமையாக விமர்சித்தது. அந்த விமர்சனம் நியாயமானது. விளக்கை அணைக்கும் ஸ்விட்ச் விளக்கை மங்கலாக்க மட்டும் செய்தால், அதன் மேல் வேறு பெயர்தான் எழுதியிருக்க வேண்டும். முழுக்க அணைக்க வேண்டுமானால் செட்டிங்ஸுக்குள் போய், வைஃபை பக்கத்திலேயே அணைக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் கதை வேறு. பொத்தான் இணைப்பை உண்மையாகவே அணைக்கும், ஆனால் இரண்டு பின்கதவுகள் உண்டு. ஒன்று, சேமித்த நல்ல வைஃபை அருகில் வந்தால் தானாக இயக்கிக்கொள்ளும் 'டர்ன் ஆன் வைஃபை ஆட்டோமேட்டிகலி'. மற்றது, 2013-இல் ஆண்ட்ராய்டு 4.3-இல் வந்த 'வைஃபை ஸ்கேனிங்'. இது வைஃபை பக்கத்தில் இருக்காது, லொகேஷன் அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். அணைத்த நிலையிலும் சுற்றியுள்ள ரூட்டர்களைக் கைபேசி மோப்பம் பிடித்து, அவற்றின் அடையாள எண்களை வைத்துத் தன் இருப்பிடத்தைக் கணிக்க இது உதவுகிறது. கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் எட்டாத இடத்திலும் வரைபடத்தில் நீலப் புள்ளி சரியாக நிற்பது இதனால்தான். தன் ரூட்டர் கூகுளின் இந்தக் கணக்கில் சேரக் கூடாது என்று நினைப்பவர், வைஃபை பெயரின் கடைசியில் ஒரு அடிக்கோடும் 'நோமேப்' என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளும் சேர்த்தால் போதும். 2011-இல் கூகுள் அறிவித்த வழி இது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தெருக்களைப் படமெடுக்கும் கூகுளின் ஸ்ட்ரீட் வியூ கார்கள் திறந்த வைஃபைகளிலிருந்து தகவல்களையும் அள்ளிச் சென்றது அம்பலமாகியிருந்தது.

மின்கலம் மிச்சமாகும் என்று வைஃபையை அணைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். வீட்டில் இருக்கும்போது வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்குப் போவது பொதுவாக நேர்மாறான பலனைத் தரும். சிக்னல் பலவீனமாக உள்ள இடத்தில் கோபுரத்தைத் தேடுவதற்கே கைபேசி அதிகம் செலவழிக்கும்.

ரூட்டரின் பக்கம்

கைபேசியில் நீக்குவதால் ரூட்டரில் எதுவும் மாறாது. வீட்டுக்கு வந்துபோன விருந்தாளியிடம் கடவுச்சொல் கொடுத்தாயிற்று என்றால், அவர் கைபேசியில் அது இருக்கும்வரை வாசலில் நின்றாலே இணையலாம். கைபேசியின் அடையாள எண்ணை ரூட்டரில் தடுப்பதும் முன்போல் பலிப்பதில்லை. ஆண்ட்ராய்டு 10-உம் ஐஓஎஸ் 14-உம் வந்த பிறகு ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் எண்ணையே கைபேசிகள் காட்டுகின்றன. ஆண்ட்ராய்டு பொதுவாக ஒரே பெயருக்கு அதே எண்ணையே தக்கவைக்கும். ஐபோனிலோ நீக்கிவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி இணைந்தால் எண் மாறிவிடும். விடுதிகளில் 'மூன்று கருவி மட்டும்' என்ற கணக்கு சில நேரம் தப்பாவது இதனால்தான்.

எனவே ஒருவரை உண்மையில் வெளியேற்ற ரூட்டரின் கடவுச்சொல்லை மாற்றுவதே வழி. மாற்றினால் தொலைக்காட்சி, பிரிண்டர், வாசல் கேமரா எல்லாவற்றிலும் புதிதாக அடிக்க வேண்டியிருக்கும். அடிக்கடி விருந்தாளி வரும் வீட்டில், ரூட்டரில் 'கெஸ்ட்' வைஃபை ஒன்றைத் தனியாகத் திறந்து, அதன் கடவுச்சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கலாம். வைஃபையின் பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2-இன் விதிப்படி கடவுச்சொல் 8 எழுத்துக்குக் குறையாமலும் 63-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். பெயரில் தமிழை வைக்கலாம், கடவுச்சொல்லில் ஆங்கில எழுத்து, எண், குறிகளைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.